வத்சலா பக்கமே திரும்பிய கேமரா

டில்லி முனிர்கா வைத்தி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் கேட்கவே வேண்டாம். தட்டுச் சத்தம், குக்கர் விசில், கூலரின் உறுமல்... வெளியே ஜூலை மழை வேறு!

லோதி ரோடு ஆபீசில் வேலை பார்க்கும் வத்சலாவும் தோழி ருக்குவும் தொப்பலாக நனைந்து நுழைந்தார்கள். இடமே இல்லை. ஒரு மேஜையில் மட்டும் நான்கு குட்டி மைக்குகளை வரிசையாக வைத்து, நடுவே ஒரு கேமராவோடு ஒருவன். சட்டென்று எழுந்து நாற்காலிகளை ஒழித்துக் கொடுத்தான். சிரித்தபோது அந்தக் கண்கள்... அம்மாடி!

பெயர் சந்திரமௌலி, ஆராய்ச்சி மாணவனாம். சத்தம் எந்த மைக்கை முதலில் எட்டுகிறது என்று கணக்குப் போட்டு, பேசுகிறவர் பக்கம் கேமரா தானே திரும்ப வேண்டுமாம். இத்தனை இரைச்சலில் அது நடந்தால்தான் பரீட்சையாம்.

இடது ஓரத்தில் ருக்கு, வலது ஓரத்தில் வத்சலா. ஓயாமல் பேசியது ருக்கு. கேமரா பார்த்ததோ வத்சலாவை... மறுபடியும்... மறுபடியும்!

இவனும் அந்த ரகமா? அப்படி இருந்துவிடக் கூடாதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. வாயோ பொரிந்தது.

"பொண்ணுங்களை வேடிக்கை பார்க்க மிஷின் வேறயா?"

"ஐயோ, நான் தொடவே இல்லைங்க! இங்க சத்தம் ஜாஸ்தி, அது குழம்புது."

"குழம்பினா நாலு பக்கமும்ல பார்க்கணும்? அதென்ன என்னை மட்டும்?"

அவன் முகம் சுண்டிவிட்டது. "நம்பலைன்னா விடுங்க."

அவ்வளவு ரோஷமா? வத்சலா குடையை எடுத்தாள். "வா ருக்கு, போலாம். இனிமே இந்த மெஸ்ஸே வேண்டாம்."

"ஒரு நிமிஷம்... இன்னும் கொஞ்சம் திட்டுங்க!"

"என்னது?"

"நீங்க திட்டினா அவங்களைப் பார்க்குதுங்க!"

மேஜைக்கு அடியில் புகுந்தான். மைக் வயர்களை இடம் வலமாக மாற்றிச் செருகியிருக்கிறான், மகானுபாவன்! காலையிலிருந்து பாவம், மெஸ் இரைச்சல் மேல்தான் பழி. சரியாகச் செருகியதும் ருக்கு வாயைத் திறந்தாள். கேமரா சமர்த்தாக அவளிடமே போய் நின்றது.

அப்பாடா, நல்லவன்தான். வத்சலாவுக்கு உயிர் வந்தது. கூடவே, ஏனோ, சின்னதாக ஓர் ஏமாற்றம்... வெறும் வயர்தானா?

"ஸாரி... அவசரப்பட்டுட்டேன்."

"பரவாயில்லைங்க. ஆனா..." அவன் காது மடல் சிவந்தது. "மிஷின்தான் தப்பாப் பார்த்துது. நான் தெரிஞ்சேதான் பார்த்தேன்... நீங்க உள்ளே வந்ததுலேர்ந்து. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. தப்புன்னா சொல்லுங்க, நாளையிலேர்ந்து வேற மெஸ்ஸுக்குப் போயிடறேன்."

ருக்கு முழங்கையால் வத்சலாவை இடித்தாள்.

வத்சலா குனிந்த தலை நிமிரவில்லை.

"போங்களேன்... எந்த மெஸ்ஸுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இனிமே எனக்கும் அங்கதான் சாப்பாடு."