உஸ்மான் பார்த்தது, சரி

ஃப்யூஸ் உஸ்மானின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் வேனுக்குள் விளக்கு எரிந்தது.

வயரிங்கில் கை வைக்கும் முன் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவன் பழக்கம். பக்கத்தில் வைத்தால் எவனாவது எடுத்து மாட்டித் தொலைப்பான்; பையில் இருந்தால் அவனைக் கேட்காமல் கரண்ட் வராது. பதினோரு வருடமாக அந்த ஷெட்டில் இதுதான் சட்டம். இப்போது பையைத் தொட்டுப் பார்த்தான். விரல் நீள ஃப்யூஸ் அங்கேதான் கனத்தது. கட்டிலுக்கு மேலே மஞ்சள் விளக்கு தன்பாட்டுக்கு எரிந்தது.

சாயங்காலம் ஆறரை. ஓசூர் தாண்டி ராயக்கோட்டை ரோட்டோரம் இருந்த அந்த ஷெட்டின் தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகும் சத்தம், வெல்டிங் வாடை, நனைந்த பிளைவுட் வாடை, அதற்கெல்லாம் அடியில் இந்த வேனுக்குள் மட்டும் குழந்தை படுத்து எழுந்த போர்வையின் மணம். மழைக்குப் பயந்து ஆட்கள் எல்லாரும் நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள்.

வேன்களை வீடாக்குவது அந்த ஷெட்டின் தொழில். கட்டில், அலமாரி, அடுப்பு மேடையெல்லாம் கூட்டாளி திருமலையின் வேலை, மின்சாரம் உஸ்மானுடையது. வண்டி ஓடும்போது இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்நேட்டர், வண்டியின் பேட்டரியையும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இரண்டாவது பேட்டரியையும் சார்ஜ் செய்யும். நிறுத்தியதும் நடுவிலுள்ள ரிலே இரண்டையும் பிரித்துவிடும். ஃபிரிட்ஜும் ஃபேனும் இரண்டாவதை ராத்திரி பூராவும் தின்றாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஏசி கேட்பவர்களுக்கு மட்டும் அவன் பதில் முகத்தில் அடித்தமாதிரி இருக்கும். ஏசிக்கு ராத்திரி பூராவும் இன்ஜின் ஓடவேண்டும். ஆள் தூங்குகிற வண்டியில் இன்ஜின் ஓடக் கூடாது. புகை உள்ளே வந்தால் எழுந்திருக்கவே மாட்டார்கள். திருமலைக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. வாயாலேயே பாதி வண்டி கட்டிவிடுகிறவன் அவன். வந்த பார்ட்டியைத் திருப்பி அனுப்புவது அவன் ஜாதகத்தில் இல்லை. அதனால் பார்ட்டிகளிடம் பேசுவதெல்லாம் அவன்தான்.

காலையில் இந்த நீல வேனைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவன்தான். "பெங்களூர் வண்டி, பாய். பேட்டரி நிக்க மாட்டேங்குது. நீ கை வெக்காத, நாளைக்கி நானே பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போனான். ஸ்விட்ச் பெட்டியைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிறவன் பேட்டரியைப் பார்க்கப் போகிறானாம்! உஸ்மானுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவன் வருவதற்குள் முடித்துவைப்போம் என்று ஏறிவிட்டான்.

விளக்கின் ஃப்யூஸையும் பிடுங்கினான். விளக்கு எரிந்தது. ஃபிரிட்ஜின் ஃப்யூஸைப் பிடுங்கினான். ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டே இருந்தது. பேட்டரி மீட்டரில் 12.3 வோல்ட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12.2 ஆனது.

எங்கோ திருட்டு வயர் இருக்கவேண்டும். ஸ்விட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றித் திருப்பினான். உட்புறத்தில், கறுப்பு மார்க்கரில், அவனுடைய கையெழுத்தே இருந்தது.

'உஸ்மான் பார்த்தது, சரி.'

ஒவ்வொரு வயராகச் சோதித்து முடித்த பிறகு, தன் மனசு ஒப்பினால் மட்டும் அவன் எழுதுகிற வரி அது. கீழே போன வருடத்துத் தேதி. வெள்ளை வேனாக வெளியே போனது, நீலப் பெயின்ட்டிலும் புது சீட்டுகளிலும் அடையாளம் தெரியாமல் திரும்பியிருக்கிறது. உள்ளே வயர்களெல்லாம் அவன் கட்டிய வெள்ளை நூலில் ஒழுங்காக இருந்தன. நடுவே நூல் கட்டாத ஒரு சிவப்பு வயர். அது அவன் போட்டதில்லை.

விரலால் தடவிக்கொண்டே அதன் பின்னால் போனான். மீட்டரிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்கு. அங்கிருந்து ஸ்டார்ட்டருக்கு. பேட்டரி 11.5க்கு இறங்கினால் இன்ஜின் தானே ஸ்டார்ட் ஆகிச் சார்ஜ் ஏற்றும். ஏசி நிற்காது. யாரும் எழுந்து வரவேண்டியதில்லை.

உஸ்மானுக்கு உடனே ஞாபகம் வந்தது, போன வருடம் பேப்பரில் வந்த செய்தி. அஞ்செட்டிக் காட்டில், நிறுத்தியிருந்த வேனுக்குள், சுஜாதா என்ற பெண்ணும் ஆறு வயது மகள் தர்ஷினியும் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். புருஷன் வெளியே டென்ட்டில் படுத்ததால் பிழைத்தான். அன்றைக்கே உஸ்மான் திருமலையிடம் கேட்டான், நம்ம வண்டியா என்று. திருமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எவனோ அத்திப்பள்ளியில் கட்டினது, எம் பொண்ணு மேல சத்தியம் என்றான். அந்தச் சத்தியத்தை நம்பி உஸ்மான் ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

திருமலைக்குப் போன் போட்டான்.

"அண்ணா, இது அஞ்செட்டி வண்டி."

"கை வெக்காதன்னுதான சொன்னேன், பாய்."

"செகப்பு வயரு யாரு போட்டது?"

"ஏசி இல்லாட்டி வண்டியே வேணாம்னுட்டாங்க. வேற ஆள வெச்சிப் போட்டேன். வயர் வுட தரையில ஓட்ட போட்டவன் அடைக்காம வுட்டுட்டான்." திருமலையின் குரல் தாழ்ந்தது. "அந்தம்மா பயந்துச்சி பாய். இன்ஜின் ஓடுனா ஒண்ணும் ஆவாதான்னு மூணு தடவ கேட்டுச்சி. நான் உன் எழுத்தக் காட்டுனேன். உஸ்மான் பாத்துட்டான், தைரியமா தூங்குங்கன்னேன். அப்பறந்தான் சிரிச்சிச்சி."

பதினோரு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கை நனைத்தவன். அவன் அடித்திருந்தால்கூட உஸ்மான் தாங்கியிருப்பான். தன் பெயரைச் சொல்லி இரண்டு பேரைத் தூங்கவைத்திருக்கிறான், பாவி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அத கழட்டத்தான் வண்டிய எடுத்தாந்தேன். எறங்கிடு பாய். காலைல ஓட்டிட்டு வர்றப்ப, பின்னாடி பேசிக்கிட்டே வந்தாங்க."

"யாரு?"

போன் அணைந்திருந்தது.

இறங்கியிருக்கலாம். ஆனால் மூடியில் இருந்தது அவன் பெயர். அந்த வயரை வெட்டாமல் இறங்க மனசு வரவில்லை. கட்டர் எடுத்து வெட்டினான். மீட்டரில் 11.9. கட்டில் பலகையைத் தூக்கி நிறுத்தி, உள்ளே பாதி உடம்பை நுழைத்து, பத்து நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினான். மீட்டர் செத்திருக்கவேண்டும்.

11.8.

பேட்டரிக்குப் பக்கத்தில், தரையில், உள்ளங்கை அளவு ஓட்டை. அதிலிருந்து சில்லென்று காற்று வந்தது.

11.7.

மழைச் சத்தம் நின்றிருந்தது. மழை நிற்கவில்லை; திறந்து வைத்திருந்த கதவு மூடியிருந்தது.

பாய்ந்து பிடியை இழுத்தான். அசையவில்லை. ஸ்பேனரால் கண்ணாடியில் அடித்தான். கீறல்கூட விழவில்லை.

11.6.

ஓட்டையை அடைக்கவேண்டும். சட்டையைக் கழற்றினான். மறுபடி பலகைக்கு அடியில் குனிந்தான்.

11.5.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனது.

சாவி வெளியே ஷெட் சுவரில், சாவி மாட்டும் போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டின வயர் தரையில் கிடந்தது. ஃப்யூஸ், கையிலிருந்த சட்டையின் பையில். ஏசி ஓட ஆரம்பித்தது. சட்டையை ஓட்டையில் திணித்தான். புகை வந்தது. இன்னும் திணித்தான். வந்தது.

தூக்கி நிறுத்திய பலகை மெதுவாக அவன் முதுகின் மேல் இறங்கியது. அதன் மேல் யாரோ புரண்டு படுத்தார்கள்.

"அம்மா, புகை வாடை அடிக்குது."

"ஒண்ணுமில்ல, படு கண்ணு. உஸ்மான் அண்ணன் பாத்திருக்காரு."

கத்தினான். இல்லை, நான் பார்க்கவில்லை, அது நான் போட்டதில்லை. வாய் திறந்தது, இருமல்தான் வந்தது. மேலே அந்தக் குரல், நம்பிக்கையோடு, தட்டிக்கொடுத்துக்கொண்டே, அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. உஸ்மான் அண்ணன் பாத்திருக்காரு. அண்ணன் பாத்திருக்காரு.

பலகை விலகியது. கட்டில் விளிம்பிலிருந்து ஒரு சின்னக் கை இறங்கி வந்து அவன் விரலைப் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தான்.

மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்தது. தாயும் மகளும் ஒரே போர்வைக்குள் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து, இந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டிருந்தார்கள்.