பதினொன்று இருபத்தைந்துக்கு அவள் தனியாக இருந்தாள்

மதியம் 12.40. சாப்பிட்டுவிட்டு வந்து குட்டி லேப்டாப் முன் உட்கார்ந்தாள். மருத்துவமனை மென்பொருளுக்காக நான்கு மாதம் சேர்த்த சோதனைப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை. நகல் எடுக்கும் வேலையை மேலாளர் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்.

முதலில் ஓடிவந்தவள், குறை கண்டுபிடிப்பதே பிழைப்பான டெஸ்டர். அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வந்ததும் அவள் கண்ணில் பட்டது ஒன்றுக்கும் உதவாத விஷயம். நாற்காலியை உச்சிக்கு ஏற்றிக் கால் தொங்க உட்காரும் குட்டியின் மோவாய், இன்று மேசைக்குச் சற்று மேலேதான் இருந்தது.

1.10. விசாரணை என்ற பெயரில் ஒரு கூத்து. நடத்தியவர் நெட்டையர். மென்பொருளை அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு பெட்டி கட்டி, சொந்த லேப்டாப்பிலேயே ஓடவிடுவதுதான் கண்டெய்னர். அதற்கான பழைய கருவியை ஆறு வருடம் கட்டி ஆண்டவர் அவர். கம்பெனி அதைக் கைகழுவியது. இரண்டே வாரத்தில் இலவசக் கருவிகளை வைத்து எல்லா லேப்டாப்பிலும் மாற்று ஏற்பாட்டை முடித்தாள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன குட்டி. இன்றுதான் அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய நாள்.

"ஓசிச் சாமான் சார். சூடாகும், தொங்கும், மணிகூட ஒழுங்கா காட்டாது. நான் அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்." நெட்டையர் குட்டியின் லேப்டாப்பில் கண்டெய்னரின் நிகழ்வுக் குறிப்பேட்டை மேலாளருக்குத் திறந்து காட்டினார். என்ன எப்போது நடந்தது என்று அது தானே குறித்து வைக்கும். "இந்தா பாருங்க. அழிச்சது பதினொன்னு இருபத்தஞ்சு."

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் மேல்மாடிக் கூட்டத்தில். கீழே குட்டி மட்டும். அந்த நேரத்தில் மேலே இருந்தோம் என்று எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பூதக்கண்ணாடியும் போட்டாள். பொய்யில்லையே.

ஆனால் அந்த நாற்காலி உறுத்திக்கொண்டே இருந்தது.

2.30. குட்டி பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லேப்டாப்பை எப்ப ஆன் பண்ணினே?"

"காலைல வீட்டுலயே அக்கா. கண்டெய்னரையும் ஓடவிட்டேன். அப்புறம் மூடிப் பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன்."

"திரும்பத் திறக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முக்கால் மணி நேரம்."

"சாப்பிடப் போறப்ப மூடினியா?"

"இல்லக்கா. மூடினா உள்ள எல்லாம் தூங்கிடும். திறந்தே வச்சிட்டு பன்னெண்டு அஞ்சுக்குப் போனேன்."

பூதக்கண்ணாடி கண்டெய்னருக்குள் மணி பார்த்தாள். 1.45. சுவரில் 2.30.

3.00. மேலாளர் அறை. குட்டியை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் தயாராக இருந்தது. நெட்டையரும் அங்கே இருக்க, பூதக்கண்ணாடி குட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இந்தக் கருவி லேப்டாப்புக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதுலதான் கண்டெய்னரை ஓட்டுது. மூடினா அதோட கடிகாரம் நின்னுடும். திறந்தா விட்ட இடத்துலேர்ந்து ஓடும். பழைய கருவி தானா சரி பண்ணிக்கும், இது பண்ணலை. பஸ்ஸில முக்கால் மணி நேரம் மூடியிருந்ததால பதினொன்னு இருபத்தஞ்சுன்னு காட்டுது, நிஜமா அழிச்சது பன்னெண்டு பத்துக்கு சார். அப்ப இவ சாப்பாட்டு அறையில என் எதிர்ல உட்கார்ந்திருந்தா."

"அப்ப யாரு?"

"இவ நாற்காலியை இறக்கினவர். ஏத்தி வச்சா மேசையில முட்டி இடிக்கிறவர்."

நெட்டையர் சிரித்தார். "நாற்காலி சாட்சியா? மணி பின்தங்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மணிகூட ஒழுங்கா காட்டாதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது நீங்கதான். தெரிஞ்சுக்கிட்டே அதே மணியைக் காட்டி இவளை மாட்டிவிட்டீங்க."

சிரிப்பு நின்றது. சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஆறு வருஷம் சார். ஒரு வார்த்தை கேக்காம தூக்கிப் போட்டீங்க."

மேலாளர் கடிதத்தைக் கிழித்தார். "மனசுல எதையும் வச்சுக்காதேம்மா. போய் வேலையைப் பாரு."

குட்டி போய்ப் பையை எடுத்துக்கொண்டாள். படிக்கட்டில் பூதக்கண்ணாடி அவளை மறித்தாள்.

"எங்க கிளம்பிட்டே? உன் மேல தப்பில்லைன்னுதான் ஆயிடுச்சே."

"மணியைக் கேட்டீங்க, பஸ்ஸைக் கேட்டீங்க. நீ செஞ்சியான்னு யாருமே கேக்கலையேக்கா. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு வந்து, அடுத்த அரை மணி நேரத்துல கையெழுத்துப் போட்டீங்க."

அதில் பொய்யில்லையே என்று சொல்ல வாயெடுத்த பூதக்கண்ணாடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வழியை விட்டாள். குட்டி இறங்கிப் போனாள்.