மல்லன் வாலை ஆட்டியது!

"என்ன வேணும் ஏட்டையா? கூசாமக் கேளுங்க."

"அது வந்து... மாடா..."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"...ஒரு நாய்க்குட்டி இருந்தா தாயேன்."

போன சித்திரையில் நடந்த பேச்சு இது. தென்காசி ஏட்டு நம்பிராஜன் கேட்கப் போனது நாய்க்குட்டியை அல்ல. மாடனின் தங்கை உலகம்மையை!

மூன்று முறை கேட்கப் போனார். இப்போது அவர் வீட்டில் மூன்று நாய்கள்.

இன்றைக்கு, 1938ஆம் வருஷத்து ஆடிச் சாரலில், அதே மாடனின் கைகளில் விலங்கை மாட்டிவிட்டு நிற்கிறார்!

குற்றாலம் பங்களா. கூடத்தில் பண்ணையார் சுந்தரபாண்டியன் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் காலைக் காப்பி ஆறிப் போயிருந்தது.

அவரும்தான்.

சந்தேகம் இரண்டு பேர் மேல். பண்ணை நாய்களை வளர்க்கும் மாடன், முந்தின நாள்தான் பண்ணையாரோடு சண்டை போட்டவன். இன்னொருவன் பண்ணையாரின் அக்காள் மகன் தங்கசாமி, சொத்துக்கு ஒரே வாரிசு. சேதி கேட்டு ஆய்க்குடியிலிருந்து ஓடி வந்திருந்தான்.

"மூணு மாசமா இந்த வாசப்படிய மிதிக்கல சார்" என்று எழுதியே கொடுத்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் நல்லதம்பிக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு அடிக்கடி உதிக்கும்.

"கொலையப் பாத்த ஒரே சாட்சி இந்த நாய்தான். இதையே விசாரிச்சிருவோம்!"

சாட்சியின் பெயர் மல்லன். பண்ணையார் கூடவே கிடக்கும் சிப்பிப்பாறை நாய். சங்கிலியைப் பிடித்திருந்தவள் உலகம்மை.

முதலில் மாடனைக் கொண்டுவந்தார்கள்.

மல்லன் காதுகளைப் பின்னால் மடித்தது. வயிறு தரையில் தேய, வாலைத் தாழ்த்தி, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே ஊர்ந்து வந்தது. அவன் காலடியில் இரண்டு சொட்டு மூத்திரமும் விட்டது.

"பயம்!" என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைகாரனக் கண்டதும் எப்படி நடுங்குது பாரும்!"

அடுத்து தங்கசாமி.

மல்லன் எழுந்தது. வாலை நிமிர்த்தியது... ஆட்டியது!

"பாசம்!"

"மாமா போன ஏக்கம் சார்" என்று தங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"முடிஞ்சுது கேஸ். ஏட்டு, மாடனை லாக்கப்புக்குக் கொண்டு போம். இவனுக்குத் தூக்குதான்!"

தூக்கு!

நம்பிராஜன் உலகம்மையைப் பார்த்தார். அண்ணனைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு தங்கையைப் பெண் கேட்பது?

"நில்லுங்க!"

உலகம்மை.

"ஐயா, அது பயமில்ல. கும்பிடு."

"நாய் கும்பிடுமா?"

"வெள்ளைக்கார துரை வந்தா நீங்க எப்படி நிப்பீங்க? குனிஞ்சு, கையக் கட்டி, உதட்ட ஈரமாக்கிட்டு... அது பயமா, மரியாதையா?"

நம்பிராஜன் அவசரமாக உத்தரத்தைப் பார்த்தார்.

"ம... மரியாதை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதான் இதுவும். எங்கண்ணன் அதுக்கு எசமான்."

"அப்ப தங்கசாமியப் பாத்து வாலாட்டுச்சே?"

"பாசம்னா இடுப்போட சேந்து ஆடும். இது நட்டுக்கிட்டு நிக்கி. நுனி மட்டும் துடிக்கி. நல்லபாம்பு படமெடுத்து ஆடுனா, 'ஆகா, நம்மளக் கண்டு சந்தோசத்துல ஆடுது'ன்னு பக்கத்துல போவீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்வாங்கினார்.

"ஏட்டையா, வாலப் பாத்தது போதும். மூக்கப் பாருங்க. எங்கன நிக்கி?"

பார்த்தார்.

மல்லன் தங்கசாமியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாய் இறுகி, உடம்பு விறைத்து, அவன் வலது காலையே குறி வைத்திருந்தது.

அப்போதுதான் நம்பிராஜனுக்கு உறைத்தது. சாரலில் சேறும் சகதியும். வந்த ஆட்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். தங்கசாமியின் வேட்டி மட்டும் கணுக்கால்வரை தொங்கிச் சேற்றைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. போலீஸ்காரர்களுக்கு மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்!

"தங்கசாமி... வேட்டிய மடிச்சுக் கட்டும்."

"ஐயா முன்னால எப்படி..."

"கட்டும்வே!"

கட்டவில்லை. ஓடினான்!

மூன்றாவது எட்டில் நம்பிராஜன் பிடித்தார். வேட்டியைத் தூக்கினார்.

வலது கெண்டைக்காலில் துணிக்கட்டு. அவிழ்த்தால்... பச்சை ரத்தம்! பல் தடம்!

"தெ... தெருநாய் கடிச்சிட்டு சார்! ஆய்க்குடில!"

"அண்ணாச்சி, மேல்வரிசைத் தடத்த எண்ணுங்க" என்றான் மாடன். "கோரைப்பல்லு ரெண்டு பதிஞ்சிருக்கா?"

"ஒண்ணுதான்டா இருக்கு!"

உலகம்மை மல்லனின் மேலுதட்டை விலக்கிக் காட்டினாள். இடது கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் காலி!

"போன மாசம் எலும்பக் கடிச்சு உடைச்சுக்கிட்டு. ஒரு வருசமா இந்தக் காம்பவுண்டத் தாண்டுனதும் இல்ல."

இன்ஸ்பெக்டர் தங்கசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு மாசமா வாசப்படிய மிதிக்கல. ஆனா காலு மட்டும் இன்னைக்குக் காலையில தனியா வந்து கடி வாங்கிட்டுப் போயிருக்கு... அப்படித்தானவே?"

தங்கசாமி உட்கார்ந்துவிட்டான். "சொத்த எழுதி வைக்க மாட்டேன்னுட்டாரு சார்..."

"ஏட்டு! மாடன் விலங்கக் கழத்தி இவனுக்குப் போடும்!"

நம்பிராஜன் சாவியை எடுத்தார்.

"உசிரக் காப்பாத்திட்டீங்க அண்ணாச்சி! என்ன வேணும்னாலும் கேளுங்க!"

சாவி பாதி வழியில் நின்றது.

"அது வந்து... மாடா..."

உலகம்மை பல்லைக் கடித்தாள். "வாயத் தொறந்து கேளுங்க ஏட்டையா! நாயின்னா பேச வராது. அது உடம்பப் பாத்துப் புரிஞ்சுக்கிடலாம். உங்களையும் எத்தன நாளைக்குத்தான் அப்படியே பாத்துக்கிட்டிருக்க?"

நம்பிராஜன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாடா, உன் தங்கச்சிய எனக்குக் கட்டித் தா!"

மாடன் தன் கைகளைப் பார்த்தான். ஏட்டையாவைப் பார்த்தான்.

"விலங்க மாட்டி வச்சிட்டுக் கேட்டா, எவன் அண்ணாச்சி 'மாட்டேன்'னு சொல்லுவான்?"