திருமால் விட்டுப்போன சோதனை

அந்த மெஷினுக்கு ஸ்பீக்கர் கிடையாது. சத்தம் போடுவதற்கான எந்த வசதியையும் ராஜ்மோகன் அதற்குக் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் அது இருமியது.

மெஷின் என்றால் கையால் தொடக்கூடிய மெஷின் இல்லை. மேஜைமேல் இருக்கும் நிஜக் கம்ப்யூட்டரின் திரையில், ஒரு சின்ன ஜன்னலுக்குள், தானும் ஒரு முழுக் கம்ப்யூட்டர்தான் என்று நம்பிக்கொண்டு ஓடுகிற பொய் மெஷின். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களை ஓட்டுவதற்கான தமிழ் லினக்ஸ் மென்பொருளை அதற்குள்தான் கட்டுவார்கள், அதற்குள்தான் சோதிப்பார்கள். தேறிவிட்டால் அதையே அச்சு வார்த்ததுபோல் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இறக்குவார்கள். அப்படி இறக்கும் வார்ப்புக்கு இமேஜ் என்று பெயர்.

நாளைக்குக் கடலூரில் அதிகாரிகள் முன்னால் அந்த இமேஜைத் தன் சொந்தப் படைப்பாக அவன் காட்ட வேண்டும். அதிலிருந்து, அதை உண்மையில் கட்டிய பையன் திருமாலின் பெயரை வழித்தெடுக்கத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்து உட்கார்ந்திருந்தான். அழித்தான். மெஷினை நிறுத்தித் திரும்ப எழுப்பினான். உள்ளே நுழைபவரின் பெயர் கேட்கும் இடத்தில் திருமால் என்றே வந்து நின்றது. பிறகுதான் அந்த இருமல்.

வெளியே ஐப்பசி மழை. மத்தியானமே விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டிக்கொண்டிருந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் முன்பு பொம்மை செய்துகொண்டிருந்த பழைய ஷெட்தான் அவன் ஆபீஸ். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரிலிருந்து களிமண் மாவு உதிர்ந்து மேஜையிலும் விரலிடுக்கிலும் படியும், ஓட்டில் விழும் மழைச்சத்தத்தோடு பின்பக்கச் சூளை அறையிலிருந்து ஈரச் செங்கல் வாசனை வந்துகொண்டே இருக்கும். இன்று அந்த வாசனைக்கு அடியில் லேசாக டீசல் வாடை அடித்தது.

ஜெனரேட்டர்தான் இப்போது இல்லையே. அதை அவன் பழைய இரும்புக்குப் போட்டுப் பல மாதம் ஆகிறது.

மெஷினையே மொத்தமாக அழித்துவிட்டு, வெறும் மெஷின் ஒன்றைப் புதிதாக உண்டாக்கினான். இனி எவன் வருகிறான் பார்ப்போம் என்று நாற்காலியில் சாய்ந்தான். திருமால் வேலை செய்யும் விதம் நினைவுக்கு வந்தது. மெஷினை ஒரு நிலையில் பத்திரப்படுத்துவான், பாதி ஓட்டத்தில் மின்சாரத்தைப் பிடுங்கியதுபோல் சாகடிப்பான், பத்திரப்படுத்திய நிலைக்கே கொண்டுபோய், இன்னொரு விதமாகச் சாகடிப்பான்.

“பாவம்டா அது” என்று ஒருமுறை ராஜ்மோகன் கேலி செய்தான்.

“எப்படியெல்லாம் சாவுதுன்னு பாத்தாதான் சார் இமேஜு தேறும். அதுக்கு என்னா தெரியும்? செத்தது ஞாபகமே இருக்காது. இப்பத்தான் வந்து ஒக்காந்த மாரி இருக்கும்.”

நல்ல பையன். அந்த நல்ல பையனைத்தான் போன கோடையில், வேலை முடியும்வரை வெளியே போகக்கூடாது என்று ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிட்டு வந்தான் இந்த மகராசன். கரண்ட் போனது. பையன் சூளை அறையில் இருந்த ஜெனரேட்டரைப் போட்டான். புகை போக வழியில்லை. செல்போனில் கூப்பிட்டு, “சார், பொகையா இருக்குது. காலு எழும்ப மாட்டேங்குது. கதவத் தொறங்க சார்” என்றான். “நடிக்காதடா, வேலய முடி” என்று சொல்லிவிட்டு ராஜ்மோகன் போனை அணைத்துப் படுத்தான். காலையில் பிணத்தின் பக்கத்தில் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்ததும் அவன்தான். குடித்துவிட்டுச் செத்தான் என்று ஊரே நம்பியது.

பெற்றவள் நம்பவில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஆராயி, ஷெட் வாசலில் கிடந்த வெள்ளைக் களிமண்ணை அள்ளி அவன்மேல் வீசினாள். நேரே மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினாள். போலீஸ் கைவிட்ட வழக்கை அந்தப் பக்கத்து ஜனங்கள் அங்கேதான் கொண்டுபோவார்கள். குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் கட்டிவிடுவார்கள், காரியம் முடிந்தபின் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்வார்கள். ராஜ்மோகன் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன்.

புது மெஷின் எழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத வெற்று மெஷின்.

இருமியது.

இந்த முறை நீளமாக, நெஞ்சைப் பிராண்டிக்கொண்டு, காறிக் காறி. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கதவத் தொறங்க சார்.

அவன் எழுந்து ஓடி ஷட்டரைத் தூக்கினான். அசையவில்லை. குனிந்து இடுக்கு வழியே பார்த்தான். வெளியே பூட்டுத் தொங்கியது. அதன் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. கத்தினான். மழை அவன் குரலை விழுங்கியது. தெருவில் ஆள் இல்லை.

டீசல் வாடை இப்போது தொண்டைக்குள்.

பயத்தில் அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். திருமாலின் செல்போன் ஆராயியிடம் இருக்கிறது. அந்த எண்ணை அழுத்தினான்.

“யாருங்க?”

“நான்தாம்மா, ராஜ்மோகன். தப்புதாம்மா. நாந்தான் பூட்டுனேன், பாட்டிலையும் நாந்தான் வச்சேன். போலீஸ்ல வந்து சொல்லிடுறேன். அந்தப் பிராத மட்டும் திருப்பி வாங்கிடும்மா.”



“அதான் நேத்தே போயி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேனே” என்றாள் ஆராயி. குரலில் கோபம்கூட இல்லை. “காரியம் முடிஞ்சிட்டா அத வச்சிருக்கக் கூடாது, சாமி.”

“என்ன காரியம் முடிஞ்சிது?”

இணைப்பு அறுந்தது.

அவன் திரும்பினான். திரையில் வேறொரு பக்கம் தானாகத் திறந்திருந்தது. மெஷினைச் சாகடித்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சின்னப் படம் வைத்துக்கொள்வது திருமாலின் பழக்கம், எப்படிச் செத்தது என்று பிற்பாடு பார்ப்பதற்காக. படங்கள் வரிசையாக நின்றன. கிட்டே போனான்.

எல்லாம் இந்த ஷெட்.

ஒன்றில் அவன் ஷட்டர் இடுக்கில் மூக்கை வைத்தபடி கிடந்தான். ஒன்றில், செங்கல் வைத்து அடைத்த ஜன்னலின் கம்பியில் தொங்கினான், நகங்கள் பெயர்ந்து. ஒன்றில் மேஜைக்கு அடியில், சட்டையை வாயில் திணித்துக்கொண்டு. ஒன்றில் செல்போனைக் காதில் வைத்தபடி, கண் திறந்து, முகம் முழுக்கக் கரி. படங்கள் கீழே ஓடின. ஓடின. நிற்கவே இல்லை.

அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அம்புக்குறி மெல்ல நகர்ந்து அதன்மேல் போய் நின்றது. அவன் கை மவுஸில் இல்லை.

சூளை அறைக்குள் யாரோ ஜெனரேட்டரின் கயிற்றைச் சுண்டி இழுத்தார்கள். ஒரே இழுப்பில் அது பிடித்துக்கொண்டது.