தொலைபேசி இல்லாத முப்பத்தேழு பேர்

கம்பம் ஊரில் சேக் பரீத் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒருவருக்கு விட்டுப்போவது சாதாரண விஷயமா? மூத்த மகள் சாபிராவின் கல்யாணத்தில் ஒரே ஒரு வீடு விட்டுப்போனது. அந்த வீட்டார் எதிரே வந்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

அதனால் 2003இல் இரண்டாவது மகள் நசீமாவுக்குக் கல்யாணம் என்றதும், நானூற்றுப் பன்னிரண்டு முகவரிகளையும் மகன் கலீல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். ஒவ்வொரு வரியிலும் பெயர், தெரு, ஊர், கடைசியில் தொலைபேசி எண். உறையில் ஒட்டும் சீட்டில் எண் வரக்கூடாது. அன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

எண்களை அழிக்கும் வேலை, ஏழாம் வகுப்புப் படிக்கும் கடைக்குட்டி ரெஹானாவின் தலையில் விழுந்தது. நாற்பது வரி முடிப்பதற்குள் விரல் கடுத்தது.

"ஏண்ணே, ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்யக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

"தெரியும். ஒரு தடவ செஞ்சு காட்டிப் பதிஞ்சு வையி. பொறவு அதுவே செய்யும். உன்னைய மாதிரி மூஞ்சியத் தூக்காது."

ரெஹானா செய்து காட்டினாள். வரியின் கடைசிக்குப் போ, கடைசிக் காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அழி, அடுத்த வரிக்கு இறங்கு. பொத்தானை அழுத்தியதும் வரிகள் மளமளவென்று ஓடி முடிந்தன.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். 'முருகம்மாள், கிழக்குத் தெரு' என்று ஒரு வரி. அதில் ஊரைக் காணோம்!

"அண்ணே, நம்ம தோட்டத்துல திராட்சை வெட்டுற முருகம்மா அத்தை சுருளிப்பட்டிதான? அவுக வீட்டுல போன் இல்ல. கடைசியா இருந்த ஊரையே அழிச்சுருச்சு!"

"போன் இல்லாதவுக கொஞ்சப் பேருதான். விடு, மணி நாலரை ஆச்சு."

"போன் இருந்தா கூப்பிட்டாச்சும் சொல்லலாம். இவுகளுக்குப் பத்திரிகைய விட்டா வேற வழி ஏது?"

கலீல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ரெஹானா எதையும் அழிக்காத பழைய பட்டியலைத் திறந்தாள். அண்ணனிடம் கேட்டுக் கேட்டுக் கட்டளையை மாற்றினாள். கடைசியில் எண் இருந்தால் மட்டும் அழி. இல்லாவிட்டால் தொடாதே, அந்த வரியைத் தனியாகவும் எழுதி வை.

மறுபடி பொத்தானை அழுத்தினாள். இப்போது எல்லா ஊர்களும் பத்திரமாக இருந்தன. தனிச் சீட்டில் முப்பத்தேழு பெயர்கள் வந்திருந்தன.

பட்டியலை வாங்க வந்த அத்தா சேக் பரீத், "இது என்ன தாயி, தனியா?" என்று கேட்டார்.

ரெஹானா நடந்ததைச் சொன்னாள். அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இவுகளுக்குத் தபால் வேணாம். நானே வீடு வீடாப் போயிப் பத்திரிகை வைக்கிறேன். நீயும் வா."

"நானா அத்தா?"

"பின்னே? இவுகளக் கண்டுபிடிச்சவ நீதான!"

மறுநாள் காலை சுருளிப்பட்டி பஸ்ஸில் ஒரே கூட்டம். அத்தா நின்றுகொண்டே வந்தார். ரெஹானாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் இருந்த பத்திரிகைக் கட்டில் முருகம்மாளின் பத்திரிகை மேலாக இருந்தது.