முப்பத்திரண்டாவது லாச்சி

மருந்து வைக்கும் இழுப்பு லாச்சிகள் முப்பத்தொன்று என்று அனஸ்ரேசியா அருங்காட்சியகப் பட்டியலில் எழுதியிருந்தாள். திங்கட்கிழமை அவளே எடுத்த படத்தில் முப்பத்திரண்டு இருந்தன. மேலாளர் ஆவணத்தை இரண்டாம் தரமும் திருப்பி அனுப்பிவிட்டார். இன்று நாலு மணிக்குள் சரியாக வராவிட்டால் அவளுடைய தற்காலிக வேலையை நீடிப்பது கஷ்டம் என்றார். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு மோர்டென்ஸ்ருட் வீட்டிலிருந்து வழி முழுக்க எரிந்தது. எண்ணத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார்.

களஞ்சிய முற்றத்தில் நின்ற மரக்குற்றி வீட்டைத் திறந்தபோது மூன்றரை. கார்த்திகை மாதத்து வெளிச்சம் அப்போதே செத்துக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் ஸ்வீடன் எல்லைக் காட்டில், மரம் வெட்டுபவர்களுக்காகக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகம் அது. குற்றி குற்றியாகக் கழற்றி ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து மறுபடி பொருத்தியிருந்தார்கள். உள்ளே தாரும் கற்பூரமும் பழைய மெழுகும் கலந்து மணத்தன. எங்கோ டக், டக் என்று ஒரு சத்தம், குளிரில் குற்றிகள் சுருங்குகின்றன என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நெடுநாள் நோயாளிகளுக்கு ஆளுக்கொரு லாச்சி. முகப்பில் பெயர். ஆள் செத்தால் பெயருக்குப் பக்கத்தில் மையால் ஒரு சிலுவை. முப்பத்தொரு பெயருக்கும் சிலுவை இருந்தது. நினைக்க ஆளில்லாத ஆத்துமாக்கள் என்று இரங்கி, போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் இறந்தோருக்கான மன்றாட்டுக்கு அந்தப் பெயர்களை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ஒப்புக்கொடுப்பவர் என்று அடியில் தன் பெயரையும் எழுதினாள். பெயர் வாசித்த லோறன்ஸ் அண்ணை ஒரே மூச்சில் அதையும் சேர்த்து வாசித்துவிட்டார். கோவில் முழுக்க, செத்தவர்களோடு சேர்த்து அவளுக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டு மன்றாடியது. பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

"குறை நினையாதை தங்கச்சி, கண்ணாடியை மறந்திட்டு வந்திட்டன்," என்றார் பிறகு. "கேட்ட செபம் வீண்போகாது."

அவள் ஒவ்வொரு லாச்சியாகத் தொட்டு எண்ணினாள். முப்பத்திரண்டு. கீழிருந்து மேலே எண்ணினாள். முப்பத்திரண்டு. ஆத்திரத்தில் மேசைக்காலை உதைத்தாள், கால்தான் வலித்தது. சரி, முப்பத்திரண்டாகவே இருந்து தொலையட்டும் என்று தொலைபேசியில் திருத்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: எண்ணிக்கை சரி, முப்பத்திரண்டாவது பெயர் எங்கே?

நாலு மணிக்கு ஆறு நிமிடம்.

தொலைபேசி வெளிச்சத்தை அடித்துத் தேடினாள். கடைசி வரிசையின் மூலையில் ஒரு லாச்சி. மற்றதில் எல்லாம் தூசி. இதில் இல்லை. குனிந்தாள். டக், டக் என்ற சத்தம் இப்போது குற்றிகளிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், மேசையில், மருந்து இடிக்கும் கல்லுரலிலிருந்து வந்தது. இடித்தது. பிறகு சுற்றிச் சுற்றி அரைத்தது.

திரும்பக்கூடாது. பெயரை மட்டும் எழுது, போ.

மற்ற முகப்புகளில் இருந்த அதே சாய்ந்த எழுத்து. மங்கிய அதே மண்ணிற மை.

அனஸ்ரேசியா.

சிலுவை இல்லை. ஆண்டவரே, சிலுவை இல்லை. அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு ஓட நினைத்தாள். கால் வரவில்லை. அவள் எதையும் விழுங்கவில்லை. ஆனாலும் நாக்கில் கசந்தது. அரைத்த மருந்து தொண்டையில் மாவாக இறங்கியது.

அரைப்பு நின்றது.

தோளுக்கு மேலால் குளிர்ந்த மூச்சு. நீண்ட அங்கித் துணி உரசும் சத்தம். பெயருக்குப் பக்கத்தில், ஈரமாக, மேலிருந்து கீழே ஒரு கோடு இறங்கியது.

பேனா முள் மரத்தை விட்டு எழுந்தது. கொஞ்சம் இடப்பக்கமாகப் போய் மறுபடி தொட்டது. குறுக்குக் கோடு மெல்ல வரத் தொடங்கியது.