சட்டத்துக்குள் சங்கரி

"என் சர்ட்டிபிகேட்டைக் குடுங்க சேட்டா."

கேட்டே விட்டாள் சங்கரி. வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா குழந்தைசாமி தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்: "என்ன வேணா கேளு, அதை மட்டும் கேட்டுராத." மட்டாஞ்சேரித் தெருக்களைக் கூட்டிப் பெருக்கி மகளை பார்மசி படிக்க வைத்தவர். முதலாளி என்றால் அவருக்கு முதுகு வளைந்துவிடும். இவளுக்கு வளையாது. நாளை எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் வேலையில் சேர வேண்டும். ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

முதலாளி அனில் சேட்டன் கோபப்படவில்லை. கணக்கெழுதிய பேனாவால் சுவரைக் காட்டினார்.

"எடுத்தோ மோளே," என்றார். "வருமெங்கில்." கையோடு வந்தால் எடுத்துக்கொள்ளலாமாம்.

மூன்று தலைமுறை மருந்துக்கடை. சேட்டனின் தாத்தா குப்பியில் கலக்கிக் கொடுத்த இருமல் மருந்து போய், அப்பா விற்ற ஓமத்திரவகம் போய், இப்போது சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும். மாறாதது சுவர்தான். இங்கே மருந்தெடுத்துக் கொடுத்தவர்களின் சர்ட்டிபிகேட்டுகள், போட்டோ ஒட்டி, சட்டம் போட்டு, வரிசையாக. கடைசியில் சங்கரி. பக்கத்தில், இவளுக்கு முன்னால் இருந்த அம்பிளி.

மத்தியான மழையில் கரண்ட் போனது. யாரும் திறக்காத யூகலிப்டஸ் தைலம் மணத்தது.

ஸ்டூலில் ஏறிச் சட்டத்தை இழுத்தாள். சுவரில் ஆணியே இல்லை.

ஆனாலும் அது அசையவில்லை.

கண்ணாடி சுட்டது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

பக்கத்துச் சட்டத்திலிருந்து மெல்ல ஒரு பெண்குரல், தண்ணீர் குடிக்கச் சொல்லி: "வெள்ளம் நல்லோணம் குடிக்கணும், கேட்டோ."

"யாரு சேட்டா அது?"

"அம்பிளி." அவர் நிமிரவே இல்லை. "அவளும் கேட்டா. கிட்டல. இல்லாமத்தான் போனா. மரிச்சு ரெண்டு கொல்லம், ரெண்டு வருஷமாச்சு."

"தெரிஞ்சேதான் என்னதையும் மாட்டுனீங்களா?"

"மாட்டாம கடை திறக்க ஒக்குமோ, முடியுமோ? என் அச்சனும் இப்படித்தான் கடையை நடத்துனாரு..."

சங்கரி தன் போட்டோவைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு எடுத்த போட்டோ அது.

இப்போது உதடு பிரிந்திருந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "வெச்சுக்கங்க. உள்ள மாட்டுனது மாட்டுனதுதான். மிச்சமிருக்கிற நான் போறேன்."

பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். எதிரே குடையோடு ஒரு சேச்சி காய்ச்சல் மாத்திரை கேட்டுக் கடைக்குள் நுழைந்தாள். "பனிக்கு குளிக உண்டோ?"

'வெள்ளம்னு சொல்லு மோளே' என்று சேட்டன் எத்தனை தடவை திருத்தியும் அந்தக் கடையில் 'தண்ணி' என்று சொன்னவள் சங்கரி ஒருத்திதான்.

"சாப்பிட்டதும் ஒண்ணு போடுங்க அக்கா," என்றது பின்னால் கடைச் சுவரிலிருந்து அவள் குரல். "தண்ணி நிறையக் குடிங்க."

சங்கரி திரும்பவில்லை. நடந்தாள்.